தேசத்தின் பொருளாதாரப் பாதுகாப்பும் புதுச்சேரியின் அரிசிப் பானையும்

2025 ஜூலை 1 அன்று ஒன்றிய அமைச்சரவை, ஒரு லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான ஆராய்ச்சி, மேம்பாடு மற்றும் புத்தாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சியில் கூடுதலாக முதலீடு செய்ய வேண்டும் என்பதற்காக, குறைந்த வட்டியில் அல்லது வட்டியே இல்லாமல் நீண்ட காலக் கடன் தரும் திட்டம் அது. எந்தெந்தத் துறைகளுக்கு இந்தப் பணம் என்று சொல்லும் இடத்தில், புதிதாக வளர்ந்து வரும் துறைகளோடு, நாட்டின் ‘பொருளாதாரப் பாதுகாப்புக்கு’ உரிய துறைகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடாத நாடு. சுமார் 0.64 சதவீதம் என்பதே பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. ஆகவே ஆராய்ச்சிக்குப் பணம் வருவதை நாம் வரவேற்கிறோம். நமது கேள்வி வேறு. பொருளாதாரப் பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறோம்? அது கிடைத்ததா இல்லையா என்பதை யார், எங்கே நின்று அளக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் புதுச்சேரியிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை முன்வைத்து ஒன்றிய அரசு செய்த இரண்டு பெரிய மாற்றங்களை இந்தச் சிறிய ஊரும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களும் நேரடியாக அனுபவித்தன. அந்த இரண்டையும் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று அளந்தும் இருக்கிறார்கள். அரசுக் கணக்கு ஒன்றைச் சொன்னது. வீட்டு வாசலில் கேட்ட பதில் வேறாக இருந்தது.

ஒரே சொல், இரண்டு பொருள்

இன்று உலக அரசுகள் பேசும் பொருளாதாரப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் நாடுகளுக்கு இடையிலான போட்டியைப் பற்றியது. ஜப்பான் 2022 மே மாதத்தில் பொருளாதாரப் பாதுகாப்புக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. முக்கியப் பொருள்களின் வரத்து தடைபடாமல் காப்பது, மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற அடிப்படைக் கட்டமைப்புகளைக் காப்பது, முக்கியத் தொழில்நுட்பங்களை வளர்ப்பது, சில காப்புரிமை விண்ணப்பங்களை வெளியிடாமல் வைப்பது ஆகிய நான்கும் அதன் தூண்கள். ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் இதே பெயரில் ஒரு கொள்கை ஆவணத்தை முன்வைத்தது. இந்தியா அதற்கும் முன்பே, 2020 ஏப்ரலில், நம்மோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீடுகளுக்கு அரசின் முன் அனுமதி தேவை என்று விதியை மாற்றியது.

இவையெல்லாம் தேவையற்றவை என்று நாம் சொல்லவில்லை. மருந்து தயாரிக்கத் தேவையான மூலப்பொருள்களில் பெரும்பகுதிக்கு நாம் சீனாவை நம்பியிருக்கிறோம். புதுச்சேரியில் இருக்கும் மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். கப்பல் வராவிட்டால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை கிடைக்காது. 2025 ஏப்ரலில் அரிய மண் தனிமங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகன நிறுவனங்கள் கலங்கிப் போயின. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரியை நடைமுறைப்படுத்தியபோது, திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் தொழிலும் அடுத்தது என்ன என்று தெரியாமல் நின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முதலாளியாகவும் தொழிலாளியாகவும் நம் சமுதாயத்தவர் எத்தனை பேர் இத்தொழிலை நம்பி இருக்கிறார்கள் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரி பின்னர் எப்படி மாறினாலும், வேலையில்லாத நாள்களில் இழந்த கூலி திரும்பி வரப்போவதில்லை.

ஆனால் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை உலகுக்குச் சொன்னவர் பாகிஸ்தானைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கையை 1990இல் தொடங்கி வைத்தவர் அவர். 1994ஆம் ஆண்டு அறிக்கையில் ‘மனிதப் பாதுகாப்பு’ என்ற கருத்து விரிவாக முன்வைக்கப்பட்டது. எல்லையைக் காப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. மனிதன் தன் அன்றாட வாழ்வில் அச்சமின்றி இருப்பதும் பாதுகாப்புதான் என்றது அந்த அறிக்கை. அதற்கு ஏழு கூறுகளை அது பட்டியலிட்டது. முதலாவது பொருளாதாரப் பாதுகாப்பு. இரண்டாவது உணவுப் பாதுகாப்பு. அங்கே பொருளாதாரப் பாதுகாப்பு என்றால், ஒரு குடும்பத்துக்கு நாளைக்கும் வருமானம் உண்டு என்ற உறுதி.

நாட்டின் கணக்கில் வரும் பாதுகாப்பும் வீட்டின் கணக்கில் வரும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று இணைந்து போக வேண்டியவை. இணைகின்றனவா என்று பார்ப்பதுதான் பல்கலைக்கழக ஆய்வின் வேலை. புதுச்சேரியின் இரண்டு அனுபவங்களும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

அரிசிக்குப் பதில் பணம்

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதன்படி ரேஷன் கடையில் கிடைக்க வேண்டிய தானியத்துக்குப் பதிலாக, அதற்கு ஈடான பணத்தைக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் தொடங்கியது. பின்னர் தாத்ரா நகர் ஹவேலியும் சேர்ந்தது. கசிவு இருக்காது, கள்ளச் சந்தை இருக்காது, அரசுக்குச் செலவும் குறையும் என்பதே வாதம். ரேஷன் அரிசி எங்கெல்லாம் போகிறது என்று அறிந்த எவரும் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்க்க நிதி ஆயோக் ஒரு கள ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் அதை வழிநடத்தினர். மூன்று ஒன்றியப் பகுதிகளிலும் பயனாளிகளின் வீடுகளுக்குச் சென்று பல சுற்றுகளாகக் கேள்வி கேட்கப்பட்டது. அறிக்கை 2017இல் வெளிவந்தது.

அரசின் ஆவணங்களின்படி பணப் பரிமாற்றம் 99 சதவீதத்துக்கு மேல் வெற்றி. வீட்டு வாசலில் கேட்டபோதோ, சுமார் ஐந்தில் ஒருவர் பணம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றனர். யார் பொய் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. வங்கியிலிருந்து பணம் போனது உண்மை. ஆனால் எந்தக் கணக்குக்குப் போனது என்று பலருக்குத் தெரியவில்லை. ஆதார் இணைப்பின்போது பழைய கணக்கு ஒன்று சேர்ந்திருக்கும். பாஸ்புக்கில் வரவு பதியப்பட்டிருக்காது. எது எந்தத் திட்டத்தின் பணம் என்று பிரித்தறிய வழி இருக்காது. அனுப்பியவர் கணக்கில் ‘முடிந்தது’ என்று இருப்பது பெறுபவர் கையில் ‘வரவில்லை’ என்று இருந்தது.

வேறொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. வங்கிக்கு ஒரு நடை, ஏடிஎம்முக்கு ஒரு நடை, பிறகு கடைக்கு ஒரு நடை என்று குடும்பங்களின் நேரமும் செலவும் கூடின. ரேஷன் கடையில் வாங்கிய அதே அளவு தானியத்தை வெளிச்சந்தையில் வாங்க, வந்த பணம் எல்லோருக்கும் போதவில்லை. தொடக்கத்தில் பெரும்பாலோர் ரேஷனையே விரும்பினர். நடைமுறைக் கோளாறுகள் சரி செய்யப்படச் செய்யப்பட, பணமாகப் பெறுவதற்கு ஆதரவு கூடியது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நேர்மையான ஆய்வு என்பது நமக்குப் பிடித்த பதிலை மட்டும் தருவதில்லை. பணமா பொருளா என்பதை அந்தந்தக் குடும்பமே தேர்ந்தெடுக்க விடலாம் என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த வழி.

அந்த வழியைப் புதுச்சேரி அரசியல் எடுத்துக்கொள்ளவில்லை. யூனியன் பிரதேச அரசு தன் செலவில் தந்து வந்த இலவச அரிசியையும் பணமாகவே தர வேண்டும் என்று அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நின்றார். அரிசியாகத்தான் தருவோம் என்றார் அன்றைய முதல்வர் நாராயணசாமி. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பணமாக வழங்கும் முடிவில் தலையிட 2020இல் நீதிமன்றம் மறுத்தது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, ரங்கசாமி அரசு கடைகளை மீண்டும் திறந்து அரிசியும் சர்க்கரையும் கொடுத்தது.

இத்தனை ஆண்டுகள் நடந்த இந்த விவாதத்தில் ஆளுநரின் அதிகாரம் பேசப்பட்டது, அமைச்சரவையின் அதிகாரம் பேசப்பட்டது. சிவப்பு அட்டை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் மாதக் கடைசியில் அரிசிப் பானை எப்படி இருந்தது என்பது எவ்வளவு பேசப்பட்டது? அதைக் கேட்டுப் பதிவு செய்த ஆய்வு கையில் இருந்தும் அது பேசுபொருளாகவில்லை.

செல்லாத நோட்டும் பத்துக் கிராமங்களும்

இரண்டாவது அனுபவம் நாடே அறிந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கறுப்புப் பணம், கள்ள நோட்டு, பயங்கரவாதத்துக்குப் போகும் நிதி ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதாவது, நாட்டின் பொருளாதாரப் பாதுகாப்பே நோக்கம்.

அதன் முடிவு என்ன என்பதை ரிசர்வ் வங்கியே பின்னர் சொன்னது. செல்லாததாக்கப்பட்ட நோட்டுகளின் மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய், அதில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம், வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டது. கறுப்புப் பணம் திரும்பி வராமல் அழியும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. 2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 4க்கு 1 என்ற பெரும்பான்மையில், அந்த நடவடிக்கை சட்டப்படி செல்லும் என்றது. நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். ஆனால் நீதிமன்றம் பார்த்தது சட்டத்தின் வழிமுறையை. கிராமத்தில் என்ன நடந்தது என்பதை அளக்க வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அவர்கள் ஏற்கெனவே களத்தில் இருந்தார்கள். புதுச்சேரி கடற்கரைக்குப் பக்கத்தில் செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. சமஸ்கிருதச் சுவடிகளுக்கும் தாவரவியலுக்கும் பெயர்பெற்ற அந்த நிறுவனத்தில் சமூக அறிவியல் பிரிவும் உண்டு. அங்கிருந்து ஆய்வாளர்கள் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் 10 கிராமங்களில் கடன், வேலை, உறவு வலைப்பின்னல் பற்றி நீண்ட காலமாகக் கணக்கெடுத்து வந்தனர். 2010இல் 405 குடும்பங்களைச் சந்தித்தவர்கள், 2016-17இல் 492 குடும்பங்களைச் சந்தித்தனர். அந்த இரண்டாவது கணக்கெடுப்பு பாதியில் இருந்தபோதுதான் நவம்பர் 8 வந்தது.

அதனால் யாரும் திட்டமிட்டு உருவாக்க முடியாத ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஒரு பாதிக் குடும்பங்கள் நோட்டுத் தடைக்கு முன்; மறு பாதி அதற்குப் பின். இசபெல் கெரான், ஜி. வெங்கடசுப்பிரமணியன் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை 2017 டிசம்பரில் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் வெளியானது.

அவர்கள் கண்டது இது. வேலை குறைந்தது. அன்றாடப் பணப்புழக்கம் மூன்று மாதங்களுக்கும் மேலாகத் தடுமாறியது. மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அண்ணாச்சி கடையில் கடன், மேஸ்திரியிடம் முன்பணம், உறவினரிடம் கைமாற்று, சொந்தச் சாதிக்காரரிடம் உதவி. அரசின் சமூகப் பாதுகாப்பு பலவீனமாக இருக்கும் நாட்டில் தெரிந்தவர்களே பாதுகாப்பு. ஆகவே நோட்டு இல்லாத நாள்களில், தெரிந்தவர்கள் அதிகம் உள்ளவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அப்படி யாரும் இல்லாதவர்கள் இன்னும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கக் கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். கறுப்புப் பணத்தை ஒழிக்க வந்த நடவடிக்கை, ஏழைகள் பழைய சார்பு உறவுகளை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும் நிலையை உண்டாக்கியது.

பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவரும், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் துணி விரிப்பவரும், சுல்தான்பேட்டையில் கறிக்கடை நடத்துபவரும் இதைப் படித்தால், ‘இது எங்களுக்கு அன்றே தெரியும்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அளந்து எழுதி வைப்பது வேறு. எழுதி வைக்காததை நாளை யாரும் நடக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

மேலிருந்து ஒரு எண், கீழிருந்து ஒரு எண்

இரண்டு அனுபவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் 99 சதவீதம் பணம் போய்ச் சேர்ந்தது என்றது அரசுக் கணக்கு. அந்த எண் ஐந்தில் ஒரு வீட்டின் குறையை மறைத்தது. இரண்டாவதில் 99.3 சதவீத நோட்டு திரும்பி வந்தது என்றது ரிசர்வ் வங்கிக் கணக்கு. அந்த எண் திட்டத்தின் தோல்வியைச் சொன்னது, ஆனால் கூலி இழந்த குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேலிருந்து பார்க்கும் எண் பொய் அல்ல. அது பாதிக் கதை. மறு பாதியை வீட்டு வாசலில்தான் கேட்க முடியும்.

அந்த மறு பாதியைக் கேட்கும் வழிகள்தான் இப்போது குறைந்துகொண்டு வருகின்றன. 2017-18ஆம் ஆண்டுக்கான வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு உரிய நேரத்தில் வெளியிடப்படவில்லை என்பதால், தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் தற்காலிகத் தலைவர் பி.சி. மோகனன் 2019 ஜனவரியில் பதவி விலகினார். தேர்தல் முடிந்த பிறகு, மே 31 அன்று அது வெளிவந்தபோது, வேலையின்மை 6.1 சதவீதம் என்று தெரிந்தது. அதே ஆண்டுக்கான குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, தரத்தில் குறை இருப்பதாகக் கூறப்பட்டு வெளியிடப்படவே இல்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சுமார் 81 கோடிப் பேர் என்ற வரம்பு 2011 கணக்கின்படி நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பிறகு மக்கள்தொகை பெருகியிருக்கிறது. வரம்பு அப்படியே நிற்கிறது. எண்ணப்படாத மனிதனுக்கு அரிசி இல்லை.

யார் கேள்வி கேட்கிறார்கள்?

இதில் நம் சமுதாயத்துக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. 2005இல் அமைக்கப்பட்டு 2006 நவம்பரில் அறிக்கை தந்த சச்சார் குழுவுக்கு முன்பு, முஸ்லிம்களின் பொருளாதார நிலை பற்றிப் பேசுவது வெறும் புலம்பலாகவே பார்க்கப்பட்டது. பொருளியலாளர் அபூசாலிஹ் ஷரீஃபை உறுப்பினர் செயலராகக் கொண்ட அக்குழு எண்களை மேசையில் வைத்தது. கடன் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய பகுதிகள் என்று சில வங்கிகள் சில இடங்களைக் குறித்து வைத்திருப்பதை அந்த அறிக்கை பதிவு செய்தது. கடையின் முகவரியைக் கேட்டதும் வங்கி மேலாளரின் முகம் மாறுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது நம் மனப்பிரமை இல்லை என்று ஓர் ஆவணம் சொன்னது. ஆய்வின் பலன் அதுதான்.

வட்டி விஷயத்தையும் பாருங்கள். வட்டியை விலக்கும் மக்களும் வங்கி அமைப்புக்குள் வர வழி வேண்டும் என்று 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்தத் திட்டத்தைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டது. பெரு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு ‘வட்டியே இல்லாத’ கடன் என்ற சொல் இன்று அரசு ஆவணத்தில் இயல்பாக இடம்பெறுகிறது. தள்ளுவண்டிக்காரருக்கு மட்டும் அது ஏன் முடியாது என்பது, ஒரு முனைவர் பட்டத்துக்கே தகுதியான கேள்வி.

ஆனால் அந்த முனைவர் பட்டத்தை யார் படிப்பார்கள்? சிறுபான்மைச் சமூகங்களின் ஆய்வு மாணவர்களுக்காக 2009இல் வந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. மற்ற உதவித்தொகைகளோடு இது ஒரே வேலையைச் செய்கிறது என்று நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லப்பட்டது. ஓர் ஏழைக் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வரும் பெண்ணுக்கு அந்த மாதத் தொகைதான் வீட்டாரிடம் காட்டும் பதிலாக இருந்தது. அவள் ஆய்வுக் களத்துக்கு வராமல் போனால், அவள் தெருவைப் பற்றிய கேள்விகளும் அவளோடு வீட்டிலேயே தங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

காலாப்பட்டில் கடலைப் பார்த்து நிற்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். பொருளியல் துறை உண்டு. அரசியல், பன்னாட்டு ஆய்வுத் துறை உண்டு. தெற்காசிய ஒத்துழைப்புக்கான யுனெஸ்கோ மதன்ஜீத் சிங் நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. நாட்டின் பொருளாதாரப் பாதுகாப்பை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஏனெனில் கேள்விகள் வளாகத்தின் வாசலிலேயே கிடக்கின்றன.

1898இல் தொடங்கிய ஏஎஃப்டி ஆலை 2020 ஏப்ரல் 30 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்து வேலை நேர உரிமைக்கு வழி திறந்த ஊர் இது. அந்த ஆலைத் தெருக்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த வேலையில், எந்தக் கடனில் இருக்கிறார்கள்? காரைக்கால் மீனவர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் படகை இழந்தால், அந்தக் குடும்பம் எத்தனை ஆண்டுகளில் எழுகிறது? நுண்கடன் நிறுவனத்தின் வாராந்தரத் தவணைக்காக ஒரு பெண் வேறு எத்தனை இடத்தில் கடன் வாங்குகிறாள்? இவை உள்ளூர்ப் பிரச்சினைகள் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. நாட்டின் பொருளாதாரப் பாதுகாப்பு கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, பொருளாதாரப் பாதுகாப்பு என்ற பெயரில் ஒதுக்கப்படும் ஆராய்ச்சி நிதியில் ஒரு நிலையான பங்கு, குடும்பங்களைச் சந்திக்கும் சமூக அறிவியல் ஆய்வுகளுக்குப் போக வேண்டும். இரண்டு, பெரிய பொருளாதார மாற்றம் எதையும் செய்யும் முன்பும் பின்பும் அரசைச் சாராத ஆய்வாளர்கள் கணக்கெடுத்து, முடிவைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். மூன்று, மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வின் தரவுகள், தனிமனிதர் அடையாளம் நீக்கப்பட்டு, எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும். முடிவுகளின் சுருக்கம் தமிழிலும் வர வேண்டும். தன்னைப் பற்றிய ஆய்வைப் படிக்கும் உரிமை பதில் சொன்னவருக்கு உண்டு. நான்கு, மௌலானா ஆசாத் உதவித்தொகை மீண்டும் வர வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. நம் பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவர்களை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டுமே அனுப்பும் பழக்கத்தை மாற்ற வேண்டும். பொருளியலும் புள்ளியியலும் படித்த பத்துப் பேர் ஒரு ஜமாஅத்துக்குச் செய்யக்கூடிய சேவை பெரிது. பைத்துல்மாலுக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்கள் எதற்காகக் கேட்கின்றன? மருத்துவமா, கல்விக் கட்டணமா, வட்டிக் கடனை அடைக்கவா? பெயர்களை வெளியிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை இதைத் தொகுத்தாலே, நம் பகுதியின் பொருளாதாரப் பாதுகாப்பு எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஏட்டோடு ஒரு பல்கலைக்கழகத் துறையின் கதவைத் தட்டினால், அவர்களும் வரவேற்பார்கள்.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைப் பஞ்ச ஆண்டுகளுக்காகச் சேமித்து வைத்த அந்த நிர்வாகம், ஒரு நாட்டின் பொருளாதாரப் பாதுகாப்புத் திட்டம்தான். ஆனால் களஞ்சியம் நிரம்பியதோடு அந்த வரலாறு முடியவில்லை. பசியோடு தொலைவிலிருந்து வந்தவர்களின் பையில் தானியம் அளந்து போடப்பட்டபோதுதான் திட்டம் பலன் தந்தது.

களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு நமது அரசுகளிடம் எப்போதும் இருக்கிறது. பையில் எவ்வளவு விழுந்தது என்பதைப் பல்கலைக்கழகங்கள் கேட்டுச் சொல்லட்டும். கேட்க வருபவர்களுக்கு நம் வீட்டுக் கதவுகளும் திறந்திருக்கட்டும்.